பலியின் எடை: 'பெர்செர்க்' மாங்காவின் நீண்ட பின்னோக்கு பற்றி

பின்னோக்கு என்று எழுதினாலும் நம் வாயில் வருவது 'பிளாஷ்பேக்' என்ற சொல்தான். அதை நமக்குக் கொடுத்தது சினிமா. கதாநாயகன் ஏன் இப்படி இருக்கிறான், ஏன் தாடி வளர்த்திருக்கிறான், ஏன் குறிப்பிட்ட ஒருவனைத் தேடி அலைகிறான் என்பதற்கெல்லாம் இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு, அவன் செய்யப்போகிற கொலைகளுக்கு நம்மிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்வது அதன் வேலை. பழிவாங்கலுக்கு வழங்கப்படும் நன்னடத்தைச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேலையைத் தாண்டி அந்த வடிவம் எவ்வளவு தூரம் போகும், போனால் வாசிப்பவரை என்ன செய்யும் என்று யோசிப்பதற்கு ஒரு ஜப்பானிய மாங்காவை எடுத்துக்கொள்கிறேன். மியூரா கென்தாரோ (1966-2021) வரைந்து எழுதிய 'பெர்செர்க்'. அதில் 'பொற்காலம்' என்ற தலைப்பில் வரும் பகுதி மூன்றாம் தொகுதியின் முடிவில் தொடங்கிப் பதினான்காம் தொகுதியின் தொடக்கம்வரை நீள்கிறது. மூன்றாம் தொகுதி 1991இல் வந்தது, பதினான்காவது 1997இல். அத்தனையும் ஒரே ஒரு பின்னோக்கு.

படக்கதைக்கெல்லாம் இவ்வளவு கோட்பாடா என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். தலைவன், தொண்டன், தியாகம், இயக்கம் என்றெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற நாம், இவற்றை இவ்வளவு நிதானமாக, இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் பிரித்துப் போட்ட வேறு கதையாடல்களை அதிகம் படித்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் காலம் பற்றி. ஒரு மாங்காவின் வேகத்தை ஆசிரியர் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது வெளியாகும் இதழும் சேர்ந்து தீர்மானிக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியச் சிறுவர் இதழ்கள் மாத இதழ்களாகவே பெரிதும் இருந்தன. 1959 மார்ச் 17 அன்று 'ஷோனென் மேகஸின்', 'ஷோனென் சண்டே' என்ற இரண்டு வார இதழ்கள் ஒரே நாளில் வெளிவந்தன. வாரம் ஒரு பசி, வாரம் ஒரு தீனி என்ற ஒழுங்கு அதிலிருந்து நிலைபெற்றது. 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதை இன்னும் இறுக்கிற்று. இதழோடு வரும் கருத்து அட்டையில் வாசகர்கள் தமக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். கீழே சரிந்த தொடர் நிறுத்தப்படும். இப்படியொரு கத்தி தலைக்குமேல் தொங்கும்போது எந்த ஆசிரியன் ஆண்டுக்கணக்கில் கடந்த காலத்துக்குள் போய் உட்காருவான்? அங்கே வரும் பின்னோக்குகள் அளந்து ஊற்றியவை. பின்னாளில் 'ஒன் பீஸ்' அந்த அளவை நீட்டிப் பார்த்தது. அதில் ஓடென் என்ற பாத்திரத்தின் கடந்தகாலம் 2019-20இல் பதினான்கு அத்தியாயங்கள்வரை போயிற்று. அழவைத்துவிட்டு மீண்டும் சண்டைக்குத் திரும்பிவிடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கணக்கு வேறு.

இதற்கு மாறான ஒரு மரபும் அங்கே இருந்தது. 1964இல் தொடங்கப்பட்ட 'காரோ' இதழின் முக்கிய நோக்கமே ஷிராதோ சன்பேயின் 'காமுய்தென்' தொடரை வெளியிடுவதுதான். ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த காமுயின் கதை, விவசாயிகளின் எழுச்சிகளோடு பின்னிப் பின்னி 1971வரை நீண்டது. மாணவர் இயக்கத்தினர் அதை விரும்பிப் படித்தார்கள். நீளமே ஓர் அரசியல் நிலைப்பாடாக இருக்கமுடியும் என்று காட்டிய பிரதி அது. மியூரா இந்த மரபின் நேரடி வாரிசு என்று நான் சொல்லவரவில்லை. அவர் நாகாய் கோவின் முரட்டுக் கோடுகளைப் பார்த்து வளர்ந்தவர். பெரியவர்களுக்கான இதழ் ஒன்றில், ஜம்பின் அட்டைகளுக்கு வெளியே அவர் வேலைசெய்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். 'பெர்செர்க்' 1989இல் 'அனிமல் ஹவுஸ்' என்ற மாத இதழில் தொடங்கியது. 1992இல் அந்த இதழ் நின்று அதன் இடத்தில் 'யங் அனிமல்' என்ற மாதமிருமுறை இதழ் வந்தது. அதாவது பின்னோக்கு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அதன் வெளியீட்டு வேகம் இரட்டிப்பாயிற்று. இருந்தும் கதை அவசரப்படவில்லை. கிடைத்த பக்கங்களை மியூரா மெதுவாக நடப்பதற்கே செலவழித்தார்.

சட்டகக் கதை எப்படி இருக்கிறது? முதல் இரண்டரைத் தொகுதிகளில் நாம் பார்ப்பது கறுப்பு உடையணிந்த ஒருவனை. பெயர் கட்ஸ். ஒரு கண் இல்லை. இடது முன்னங்கை இருக்கவேண்டிய இடத்தில் பீரங்கி மறைத்த இரும்புக் கை. ஆள் உயரத்துக்கும் மேலான வாள். கழுத்தில் ரத்தம் கசியும் ஒரு முத்திரை. பேய்களை வேட்டையாடுகிறான், நடுவில் சிக்கிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சொல்லப்போனால் அருவருப்பான ஆள். 'பக்' என்ற சிறு தேவதை ஒன்று அவனை விட்டுப் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரை ஆளும் பிரபு ஒருவனோடு நடக்கும் நீண்ட மோதலில்தான் இந்தச் சட்டகம் முடிகிறது. அந்தப் பிரபு ஒரு காலத்தில் மனிதனாக இருந்தவன். மனைவியின் துரோகத்தால் நொறுங்கிய நேரத்தில் 'பெஹெலித்' என்ற முட்டை வடிவக் கல் விழித்துக்கொள்ள, 'கடவுளின் கை' எனப்படும் ஐவர் தோன்றி, அவன் மனைவியைப் பலியாக வாங்கிக்கொண்டு அவனைப் பேயாக்கினார்கள். இப்போது சாகக்கிடக்கும் அவனிடம் அவர்கள் இன்னொரு முறை பலி கேட்கிறார்கள். இம்முறை மகள். அவனால் முடியவில்லை. நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறான். அந்த ஐவரில் ஒருவனைப் பார்த்ததும் கட்ஸ் வெறிபிடித்துக் கத்தும் பெயர் கிரிஃபித்.

ஆக, பின்னோக்கு தொடங்குவதற்கு முன்பே வாசகருக்கு எல்லாம் தெரியும். விதி தெரியும்: பலியாகக் கேட்கப்படுவது மனசுக்கு நெருங்கியவர்கள்தான், அன்பில்லாத இடத்தில் பலிக்கு மதிப்பில்லை. கட்ஸ் கண்ணையும் கையையும் இழப்பான் என்பது தெரியும். கிரிஃபித் பேய்களின் வரிசையில் போய் நிற்பான் என்பதும் தெரியும். முடிவைச் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பிக்கிறார் மியூரா. பார்வையாளரின் கவனம் முடிவின்மேல் பதியாமல் போகிற போக்கின்மேல் பதியவேண்டும் என்று பிரெக்ட் தன் நாடகங்களுக்குக் கேட்டது இதைத்தான். ஆனால் பிரெக்ட் இதன்மூலம் உணர்ச்சியிலிருந்து ஒரு விலகலை எதிர்பார்த்தார். இங்கே நடப்பது தலைகீழ். முடிவு தெரிந்திருப்பதால் ஒவ்வொரு சிரிப்பும் கனக்கிறது. வெள்ளைத் தலைமுடியோடு கிரிஃபித் முதன்முதலாகப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அந்த அழகை நாம் இரண்டு கண்களால் பார்க்கிறோம். பாத்திரங்களுக்கு இருப்பது ஒரு கண்.

இன்னொன்று கவனிக்கவேண்டும். இந்தப் பின்னோக்கு யாருடைய நினைவும் கிடையாது. கட்ஸ் யாரிடமும் உட்கார்ந்து கதை சொல்லவில்லை. கூடவே பறக்கும் பக்குக்குக்கூட இது சொல்லப்படவில்லை. தூக்கிலிடப்பட்டுத் தொங்கும் பிணத்தின் கீழே, சேற்றில் பிறந்து கிடக்கும் குழந்தையிலிருந்து அது தொடங்குகிறது. அந்தக் குழந்தை எதை நினைவில் வைத்திருக்கமுடியும்? கட்ஸ் இல்லாத அறைகளுக்குள், கிரிஃபித்தும் இளவரசி சார்லட்டும் தனித்திருக்கும் இரவுக்குள், சிறைக்குள் எல்லாம் அது போய்வருகிறது. ஜெனெத் தன் 1972ஆம் ஆண்டு நூலில் கதை நிகழும் வரிசையையும் அது சொல்லப்படும் வரிசையையும் பிரித்துக்காட்டியபோது, பின்னோக்கு என்பது ஒரு முதன்மைக் கதையாடலைச் சார்ந்து நிற்பது என்று வகுத்தார். இங்கே சார்ந்து நிற்கவேண்டியது முதன்மையை விழுங்கிவிடுகிறது. இரண்டரைத் தொகுதிச் சட்டகம், பதினொரு தொகுதிப் பின்னோக்கு. இதற்கு நினைவு என்ற பெயர் பொருந்தாது. வரலாறு என்றால் பொருந்தும். தோற்றுப்போன ஒரு படையின் வரலாறு.

வேகத்தைப் பாருங்கள். கட்ஸின் குழந்தைப்பருவம் விரட்டிக்கொண்டு போகிறது. எடுத்து வளர்த்த ஷிசு கொள்ளைநோயில் சாகிறாள். கூலிப்படைக்காரன் காம்பினோ அவனுக்கு வாள் பிடிக்கக் கற்றுத்தருகிறான், ஒரு இரவு மூன்று வெள்ளிக்காசுக்கு அவன் உடம்பை இன்னொருவனுக்கு விற்கிறான். பிறகு குடிவெறியில் கொல்லவந்த காம்பினோவையே சிறுவன் கொல்லவேண்டிவருகிறது. இத்தனையும் சில அத்தியாயங்களில் முடிகிறது. வலி அதிகமான இடத்தில் வேகம் அதிகம். கிரிஃபித்தின் பருந்துப் படையில் அவன் சேர்ந்த பிறகு ஒரே தாவலில் மூன்று ஆண்டுகள் கடந்துபோகின்றன. மிட்லாண்ட் நாட்டின் நூறாண்டுப் போரில் கூலிப்படை அரச படையாக உயர்கிறது, டோல்ட்ரே கோட்டை விழுகிறது. போர்க்காட்சிகள் பிரமாதம்தான், ஆனால் பின்னோக்கின் உயிர் அங்கே இல்லை.

அது இருப்பது சண்டைகளுக்கு நடுவே உள்ள சும்மா இருக்கும் நேரங்களில். நூறு பேரைத் தனியாக எதிர்கொண்ட இரவுக்குப் பிறகு கட்ஸும் காஸ்காவும் ஒரு மேட்டில் நின்று கீழே பாசறையின் தீக்குவியல்களைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் சின்னத் தீயைக் கொண்டுவந்து கிரிஃபித்தின் பெரிய தீயில் போட்டிருக்கிறான் என்ற பொருளில் கட்ஸ் பேசுகிறான். தன் தீ எது என்று அவனுக்குத் தெரியவில்லை, அதனால்தான் படையைவிட்டுப் போக நினைக்கிறான். இந்தப் பேச்சு நடக்கும்போது கட்டங்கள் அகலமாகின்றன, வசனம் குறைகிறது, கோடுகள் நிதானப்படுகின்றன. ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் வெளியிட்ட நூலில், ஜப்பானியப் படக்கதைகள் ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குத் தாவாமல் ஒரே இடத்தின் பல முகங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டி நிற்பதைச் சுட்டியிருக்கிறார். அந்த நிற்றல்தான் இங்கே அன்பை விளைவிக்கிறது. ஜூடோவின் கத்தி வீச்சும், பிப்பினின் மௌனமும், கோர்க்கஸின் ஓயாத புலம்பலும், ரிக்கெர்ட்டின் சிறுபிள்ளைத்தனமும் நமக்குப் பழகிவிடுகின்றன. பழக்கத்துக்குக் குறுக்குவழி கிடையாது. அதற்குப் பக்கம் வேண்டும், நாள் வேண்டும்.

இதைத்தான் 'உணர்ச்சி முதலீடு' என்று இப்போது சொல்கிறார்கள். கடைக்காரன் சொல். பிடிக்காவிட்டாலும் இந்தப் பிரதியைப் பொறுத்தவரை அது தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது, ஏனென்றால் 'பெர்செர்க்' பேசுவதே முதலீட்டைப் பற்றித்தான். பலியின் மதிப்பு நேசத்தின் அளவு என்றால், நேசத்தின் அளவு சேர்ந்து கழித்த காலத்தின் அளவு. பின்னோக்கு இரண்டு தொகுதிகளில் முடிந்திருந்தால் அந்தப் பலி செல்லுபடியாகியிருக்காது. கதைக்குள் கிரிஃபித் தன் படையை நேசித்தால்தான் பலி கொடுக்கமுடியும், கதைக்கு வெளியே வாசகர் அந்தப் படையை நேசித்தால்தான் மியூரா பலி கொடுக்கமுடியும். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஏறுகின்றன. ஆண்டுக்கணக்காக மாதம் இருமுறை இதழ் வாங்கிய வாசகர், தன் சின்னத் தீயைப் பிறனுடைய தீயில் கொண்டுபோய்ப் போட்டவர்தான். பருந்துப் படையின் கடைசி வரிசையில் அவருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

கிரிஃபித்தை வெறும் துரோகியாகப் படிப்பவர்கள் உண்டு. அது சுலபமான வாசிப்பு. சந்தில் வளர்ந்த ஏழைச் சிறுவன், தூரத்தில் தெரியும் கோட்டையை அடையவேண்டும் என்று கிளம்பியவன். அவனுடைய இன்னொரு முகத்தை நமக்குச் சொல்பவள் காஸ்கா. பின்னோக்குக்குள் ஒரு பின்னோக்காக, குகையில் படுத்திருக்கும்போது கட்ஸிடம் சொல்கிறாள். இந்தப் பெரிய கதையாடலில் ஒருவர் தன் வாயால் தன் கடந்தகாலத்தைச் சொல்லும் முக்கியமான இடம் அது. பொம்மை வீரனை வைத்துக்கொண்டு படையோடு வந்த ஒரு சிறுவன் போரில் செத்துக்கிடக்கிறான். இனி இப்படி ஆட்கள் சாகக்கூடாது, அதற்குப் பணம் வேண்டும் என்று கிரிஃபித் கென்னன் என்ற பிரபுவிடம் ஒரு இரவு தன்னை விற்கிறான். மறுநாள் ஆற்றில் நின்று தன் கையை நகத்தால் பிறாண்டிக்கொண்டே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோலப் பேசுகிறான். செத்த சிறுவனுக்காகச் செய்தது என்று அவன் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் செத்தவர்கள் அவனுக்குள் கடனாகச் சேர்ந்துகொண்டே போகிறார்கள்.

இந்தக் கடன்தான் பின்னால் ஆயுதமாகிறது. கட்ஸ் பனியில் வாள்சண்டையில் வென்றுவிட்டுப் போகிறான். நிலைகுலைந்த கிரிஃபித் இளவரசியின் அறைக்குப் போய்ப் பிடிபட்டு ஓராண்டு வதைக்கூடத்தில் கிடக்கிறான். நாக்கு இல்லை, நரம்புகள் அறுக்கப்பட்ட கைகால்கள் இனி வாளைப் பிடிக்காது. தோழர்கள் மீட்கிறார்கள். வண்டியை எப்படியோ ஓட்டிக்கொண்டு போய் விழும் இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. உடைந்த மரத்துண்டில் கழுத்தைக் குத்திக்கொண்டு சாகப் பார்க்கிறான், அதுவும் முடியவில்லை. பெஹெலித் கைக்கு வருவது அப்போதுதான். 'கடவுளின் கை' அவனுக்குக் காட்டுவது ஒரு பாதை. கோட்டைக்குப் போகும் பாதை முழுக்கப் பிணங்கள். இவர்களெல்லாம் உன் கனவுக்காகச் செத்தவர்கள், இப்போது நீ நின்றுவிட்டால் இவர்கள் சாவுக்கு என்ன அர்த்தம்? இதுதான் வாதம். பேராசையைக் காட்டி யாரும் அவனை மயக்கவில்லை. தியாகிகளின் பெயராலேயே அடுத்த பலி கேட்கப்படுகிறது.

இந்த வாதத்தை நாம் கேள்விப்படாதவர்கள் இல்லை. இயக்க வரலாறுகளில், முன்னால் விழுந்தவர்களின் ரத்தம் வீணாகக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத் தொடரப்பட்ட பாதைகள் எத்தனை! வெற்றிபெற்றவர்களோடு ஒன்றிப்போய் எழுதப்படும் வரலாற்றைப் பற்றி பெஞ்சமின் 1940இல் எழுதிய குறிப்புகளில் எச்சரித்தார். கிரிஃபித்தின் பாதை இன்னொரு எச்சரிக்கையைச் சேர்க்கிறது. செத்தவர்களை நினைவுகூர்வது என்பதும் எப்போதும் செத்தவர்களின் பக்கம் நிற்பதாகாது. அவர்களை மூலதனமாக்கிக் கணக்கெழுதுகிறவனும் நினைவுகூரத்தான் செய்கிறான். தோழர்கள் இந்த இடத்தைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரலாம், வந்தால் சந்தோஷம்.

எல்லாமே கச்சிதம் என்று நினைத்துவிடவேண்டாம். கிரிஃபித்தை மீட்டுத் திரும்பும் வழியில் வயால்ட் என்ற மிருகப் படைத்தலைவன் துரத்தும் பகுதி இழுவை. குரூரத்தின்மேல் குரூரமாக அடுக்கியும் கதை ஓர் அடி நகர்வதில்லை. நெருங்கிவரும் பேரழிவைத் தள்ளிப்போடுவது மட்டுமே அதன் வேலை. தள்ளிப்போடுவதற்கு இவ்வளவு கூச்சல் தேவையில்லை. 1997-98இல் இருபத்தைந்து பகுதிகளாக வந்த தொலைக்காட்சித் தொடரும், 2012-13இல் வந்த மூன்று திரைப்படங்களும் அவன் அத்தியாயங்களை வெட்டிவிட்டன. சரியான வெட்டு. ஆனால் திரைப்படங்கள் அத்தோடு நிற்கவில்லை. கறுப்பு வாள்வீரனின் சட்டகத்தையும் எடுத்துவிட்டு நேராகக் கடந்தகாலத்திலிருந்தே தொடங்கின. பாசறைத் தீயைப் பார்த்துப் பேசும் காட்சியையும் விட்டுவிட்டன. கதைச்சுருக்கம் கேட்டால் அந்தக் காட்சியைச் சொல்லவே தேவையில்லை, அதனால் போயிற்று போல. விளைவு என்ன? மூன்றாம் படத்தில் எல்லோரும் சாகிறார்கள், நமக்கு அதிர்ச்சி வருகிறது, துக்கம் வரமாட்டேன் என்கிறது. 2022இல் இந்தப் படங்களைத் தொலைக்காட்சிக்காக மறுபடி தொகுத்தபோது அந்தத் தீக்காட்சியைப் புதிதாகச் சேர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து. முன்பு வந்த 1997 தொடர் வேறொன்று செய்தது. முதல் பகுதியில் சட்டகத்தைக் காட்டிப் பின்னோக்குக்குள் போய், கிரகணத்தின் நடுவிலேயே முடித்துவிட்டது. சட்டகத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த முறிவு எனக்குப் பிடிக்கும். திரும்பிவர வழியில்லாத கடந்தகாலம் அது என்பதைத் தெரிந்தோ தெரியாமலோ அது சொல்லிவிடுகிறது.

கிரகணத்துக்கு வருவோம். படையினர் எல்லோர்மேலும் பலிமுத்திரை விழுந்து பேய்கள் உண்ணத்தொடங்கும் அந்தச் சடங்கு, கதைக்காலத்தில் ஒரு நாளுக்குள் அடங்கும். தொகுதிக் கணக்கில் பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் அது பரந்து கிடக்கிறது. மூன்று ஆண்டுகளை ஒரு தாவலில் கடந்த கதையாடல் இங்கே நிமிடங்களைப் பக்கங்களாக விரிக்கிறது. கிரிஃபித்தின் சம்மதம் ஒற்றைச் சொல். அதற்கு முன்னால், தன்னைக் காப்பாற்ற ஏறிவரும் கட்ஸை அவன் பார்க்கிறான். தன் கனவைத் தன்னை மறக்கச் செய்தவன் இவன் ஒருவன்தான் என்று நினைக்கிறான். அந்த நினைப்பே பலியின் விலையை நிர்ணயித்துவிடுகிறது. ஜூடோ காஸ்காவை நேசித்தான் என்பது அவன் சாகும்போதுதான் முழுசாகத் தெரிகிறது. அதையும் அவன் சொல்லி முடிப்பதில்லை. எட்டு ஒன்பது தொகுதிகளாகப் பக்கத்திலேயே இருந்தவன். பின்னால் புரட்டிப் பார்த்தால் அவன் பார்வைகள் அங்கங்கே இருக்கின்றன. நாம்தான் வேகமாகப் புரட்டியிருக்கிறோம்.

இதழில் வந்த ஓர் அத்தியாயத்தை மியூரா நூல் வடிவத்தில் சேர்க்கவில்லை. எண்பத்து மூன்றாவது அத்தியாயம். உருமாறிக்கொண்டிருக்கும் கிரிஃபித், தங்கள் துன்பத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்று மனிதர்களின் கூட்டு மனம் உருவாக்கிக்கொண்ட ஒரு கடவுளோடு பேசுவதாக வரும். கோட்பாட்டு ஆர்வமுள்ளவர்கள் அதை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். எனக்கு அது நீக்கப்பட்டதே சரி. படுகொலையின் உச்சத்தில் நிறுத்தி வைத்து அண்டசராசரத்தின் காரணகாரியங்களை விளக்கினால், தீர்மானித்தவன் தப்பித்துக்கொள்வான். 'எல்லாம் விதி' என்று சொல்லி எழுந்துபோக நமக்கும் ஒரு கதவு திறந்துவிடும். அந்தக் கதவை மியூரா மூடிவிட்டார்.

ஆனால் மூடாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதைப் பேசாமல் இந்தப் பிரதியைக் கொண்டாடமுடியாது. கிரகணத்தின் கடைசியில், ஃபெம்டோவாக மறுபிறவி எடுத்த கிரிஃபித், கட்ஸின் கண்ணெதிரே காஸ்காவை வல்லுறவு செய்கிறான். கட்ஸ் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு ஓடப்பார்க்கிறான், கண் போகிறது. இரண்டு ஆண்களுக்கு இடையிலான உறவின் முறிவு ஒரு பெண்ணின் உடம்பின்மேல் எழுதப்படுகிறது. அந்தப் பக்கங்களில் கட்டம் யாருடைய கண் என்று பார்த்தால், அது கட்ஸின் கண்ணாக இருக்கும் அளவுக்கே, அவள் உடம்பைக் காட்சிப்பொருளாக்கும் கண்ணாகவும் இருக்கிறது. வாசகரின் 'முதலீடு' பற்றிப் பேசும்போது இந்த வட்டியையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். ஆண்களின் கூட்டமான படையில் அவள் ஒருத்தி ஆயிரம் பேருக்குத் தளபதியாக இருந்தவள். தன் கதையைத் தானே சொன்னவள். அந்தக் குரலைத்தான் கதையாடல் முதலில் பிடுங்குகிறது. சித்தம் கலைந்து, பேச்சிழந்து, கட்ஸ் காப்பாற்றவேண்டிய ஒரு பொருளாக அவள் ஆக்கப்படுகிறாள். அவனுக்குப் பின்னோக்கு முடிந்ததும் வாள் கிடைக்கிறது, இரும்புக் கை கிடைக்கிறது, கோபம் கிடைக்கிறது. அவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. மேலே சொன்ன சினிமாச் சான்றிதழ் இங்கேயும் பின்வாசல் வழியாக வந்துவிட்டதோ என்ற சந்தேகம் நியாயமானது.

பதின்மூன்றாம் தொகுதி வந்தது 1997இல். காஸ்காவுக்குச் சித்தம் திரும்பும் நாற்பதாம் தொகுதி 2018இல். இருபத்தோரு ஆண்டுகள். இதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிட்டிருப்பேன், அந்த நாற்பதாம் தொகுதி இல்லாமல் இருந்தால். அதில் ஷியெர்க்கே, ஃபர்னீஸ் என்ற இரண்டு பெண்கள் அவள் மனதுக்குள் போகிறார்கள். கட்ஸை வைத்து நமக்குச் சொல்லப்பட்ட அதே கடந்தகாலம் அங்கே துண்டுகளாகக் கிடக்கிறது. உடைந்த பொம்மை ஒன்று சவப்பெட்டியில் இருக்கிறது, அதை ஒரு நாய் இழுத்துக்கொண்டு அலைகிறது. பொம்மையின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கவேண்டும். பதினொரு தொகுதிகளில் வரிசைக்கிரமமாக, அத்தனை நிதானத்தோடு நாம் படித்த பின்னோக்கு, அதை உடம்பில் தாங்கியவளுக்கு வரிசையே இல்லாத சில்லுகள். அந்த ஒழுங்கான கதையை எவ்வளவு வசதியாக நாம் அனுபவித்தோம் என்பது இங்கேதான் உறைக்கிறது. பெண்கள் இருவரும் துண்டுகளைச் சேர்க்கிறார்கள். காஸ்கா விழிக்கிறாள், தன் பெயரைச் சொல்லிப் பேசுகிறாள், அழுகிறாள். பிறகு கட்ஸ் வருகிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் கிரகணம் அவளுக்குள் திரும்பவும் தொடங்குகிறது. அலறி விழுகிறாள். இத்தனை வருஷம் அவளுக்காக அலைந்தவனால் அவள் பக்கத்தில் நிற்கமுடியவில்லை.

மியூரா 2021 மே 6 அன்று இறந்தார். நாற்பத்தொன்றாம் தொகுதி அவர் இறந்த பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 2022 ஜூனிலிருந்து அவருடைய உதவியாளர்கள் தொடரை வரைகிறார்கள், பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பரான மோரி கோஜி மேற்பார்வை செய்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் மியூரா தன்னிடம் முழுக்கதையையும் சொன்னார், அதில் தனக்கு நினைவிருப்பதை மட்டும் தருவேன், இட்டுநிரப்பமாட்டேன் என்று அவர் அறிவித்திருக்கிறார். காஸ்காவும் கட்ஸும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் பக்கத்தை மியூரா வரைந்துவிட்டுப் போகவில்லை.